அரங்கத் தீவில் ஓர் இரவு

தீவு என்று சொன்னவுடன் நம்முடைய மனம் கடலைத் தாண்டி ஓடிவிடுகிறது. அந்தமான் என்கிறோம், சிங்கப்பூர் என்கிறோம். கப்பலோ விமானமோ ஏறாமல் தீவுக்குப் போக முடியாது என்பது பலருடைய எண்ணம். ஆனால் காவிரிப் பாசனத்து ஜனங்களுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. காலையில் பாபநாசத்தில் ரயில் ஏறினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பெரிய தீவிலே போய் இறங்கிவிடலாம். நான் சொல்லும் பாபநாசம், பொருநைக் கரையில் அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அன்று. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், குடமுருட்டிக் கரையில் நெல் வயல்களுக்கு மத்தியில் இருக்கும் பாபநாசம்.

அந்தத் தீவின் பெயர் ஸ்ரீரங்கம்.

"இது தெரியாதா?" என்று வாசகர்கள் சிரிக்கலாம். ஸ்ரீரங்கத்துக்குப் போகாதவர் நம்மில் எத்தனை பேர்? ஆனால் தீவுக்குப் போகிறோம் என்ற நினைவோடு அங்கே போனவர் எத்தனை பேர் என்று கேட்டால், கணக்கு வேறு விதமாக வரும். திருச்சியில் 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தைப் பஸ்ஸில் கடக்கிறோம், அம்மா மண்டபத்தில் ஒரு முழுக்கு, கோயிலில் தரிசனம், திரும்பும்போது கடையில் குழந்தைக்கு ஒரு பொம்மை, சாயங்காலம் ரயில். வடக்கே ஒரு மைல் நடந்தால் கொள்ளிடம் இருக்கிறது என்பதும், மேற்கே காவிரி இரண்டாகப் பிரியும் இடமும் கிழக்கே அவ்விரண்டும் மறுபடி நெருங்கும் இடமும் இருக்கின்றன என்பதும், இந்த மூன்றுக்கும் நடுவில்தான் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார் என்பதும் நம் நினைவுக்கு வருவதில்லை.

மேற்கே முக்கொம்பு, கிழக்கே கல்லணை. இந்த இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவு கிடக்கிறது. அகலமோ, குழந்தைகளும் நடந்து கடக்கக் கூடியதுதான். இந்தத் தீவைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது. ஓர் இரவாவது அங்கே தங்கவேண்டும். நகரத்துச் சத்தம் அடங்கிய பிறகுதான் இரண்டு பக்கமும் ஆறு இருக்கிறது என்பது மனசில் படும்.

குடும்பத்தோடு வெளியில் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது இப்போது ஒரு நாகரிகமாகியிருக்கிறது. கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் அதற்கென்றே கூடாரங்களை வாடகைக்கு விடுகிறார்கள். இது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று நினைப்பவர்கள், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின இரவில் ஸ்ரீரங்கத்துக்கு வந்து பார்க்கவேண்டும். விடியற்காலையில் திறக்கப்போகும் பரமபத வாசலுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திண்ணைகளிலும் மண்டபங்களிலும் ஜமக்காளத்தை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பனியில் படுத்திருப்பதைக் காணலாம். கூடாரம் ஒன்றுதான் புதிது. கட்டுச்சாதமும் வெட்டவெளியும் நம்முடைய பழைய சொத்து.

எங்கள் பிரயாணத்துக்குக் காரணம் பக்தியும் அன்று, நாகரிகமும் அன்று. ஒரு குழந்தையின் கேள்விதான் காரணம்.

என் தகப்பனாருக்கு வயது 74. பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டிப் பாசனத்தில் நாலு ஏக்கர் நிலம்; ஐம்பது வருஷத்துக்கு மேலாக அதுதான் அவருடைய உலகம். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளை, வீட்டில் கலியாணம் நடக்கும் நாளைப் போல அவர் எதிர்பார்ப்பார். ஒரு நாள் என் பெண் அவரிடம், "தாத்தா, நம்ம வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்டாள். "மேட்டூரிலிருந்து" என்றார். "மேட்டூரிலிருந்து வருகிற தண்ணீரில் நமக்கு இவ்வளவு என்று யார் பிரித்துக் கொடுக்கிறார்கள்?" என்றாள் அவள். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முக்கொம்பிலும் கல்லணையிலும் பிரிகிறது, அம்மா. கல்லணையைப் பார்த்திருக்கிறேன். முக்கொம்பை நான் பார்த்ததில்லை" என்றார்.

ஐம்பது வருஷமாக ஒரு கையிலிருந்து சோறு வாங்கிச் சாப்பிட்டவர், அந்தக் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னது எனக்கு என்னவோ போலிருந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த தம்பி பெங்களூரிலிருந்து ஒரு நைலான் கூடாரம் கொண்டுவந்திருந்தான். சம்பா அறுவடைக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தது. காணும் பொங்கலன்று புறப்படுவது என்று தீர்மானித்தோம்.

அப்பா, அம்மா, அத்தை, நான், என் மனைவி, தம்பி, அவன் மனைவி, குழந்தைகள் இருவர் — ஆக ஒன்பது பேர். புளியோதரையும் தயிர்சாதமும் இரண்டு தூக்குகளில், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு சீசாவில், காப்பி பிளாஸ்கில். கூடாரம் இருப்பதிலேயே சின்ன மூட்டை. அதைப் பார்த்து அத்தை, "இதற்குள்ளா ஒன்பது பேர்?" என்று கேட்டாள். "நாலு பேர்" என்றான் தம்பி. "மற்ற ஐந்து பேரும் வைகுண்ட ஏகாதசி" என்றாள் அத்தை.

திருச்சி ஜங்ஷனில் இறங்கி, ஒரு வேனை இரண்டு நாளைக்கு அமர்த்திக்கொண்டோம். முதலில் திருவானைக்கா. பஞ்சபூதத் தலங்களில் அப்புவுக்கு, அதாவது தண்ணீருக்கு, உரிய தலம் அது. கர்ப்பக்கிருகத்தில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுகிறது. ஆறு இரண்டு பக்கமும் ஓடும் ஒரு தீவில், பூமிக்குள்ளும் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. நோபெல் பரிசு பெற்ற விஞ்ஞானி சி. வி. ராமன் 1888-ல் பிறந்த ஊரும் இதுதான் என்று என் பெண்ணிடம் சொன்னேன். கேள்வி கேட்கும் குழந்தைகளுக்கு அந்த ஊர் மண்ணை மிதிப்பது நல்லது.

பிறகு ஸ்ரீரங்கம். ஏழு பிராகாரம், வெளிப் பிராகாரங்களில் வீடும் கடையும் தெருவுமாக ஓர் ஊரே குடியிருக்கிறது. தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் குறையாகவே நின்று, 1987-ல்தான் முடிந்தது. இப்போது அதன் உயரம் 236 அடி. "ஆற்று மணலில் இவ்வளவு பாரத்தை நிறுத்தியிருக்கிறார்களே" என்று அப்பா வியந்தார். கோபுரத்தைப் பார்த்தால் எல்லோரும் உச்சியைப் பார்ப்பார்கள். அவர் அஸ்திவாரத்தைப் பார்த்தார். விவசாயியின் கண் அது.

இரவு தங்குவதற்கு மேலூர்ப் பக்கத்தில் எங்கள் உறவினர் ஒருவருடைய வாழைத் தோட்டம் இருந்தது. அப்படி உறவு இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். சத்திரங்களும் விடுதிகளும் இருக்கின்றன. கொள்ளிடத்தை ஒட்டிய பஞ்சக்கரைச் சாலையில் யாத்ரி நிவாஸும் இருக்கிறது. ஆனால் தோட்டத்துச் சுகம் வேறு. பம்பு செட்டுத் தொட்டியில் குளியல். அப்போதே அறுத்த இலையில் புளியோதரை. தெற்கே மரங்களுக்கு மேலே மலைக்கோட்டையின் விளக்குகள். ஒரு பெரிய நகரம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் நமக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆறு இருக்கிறது. அந்த ஆறு ஒரு கதவைச் சாத்தினாற்போல நகரத்தை வெளியே நிறுத்திவிடுகிறது.

இருட்டுவதற்கு முன் கொள்ளிடக் கரைக்குப் போனோம். தை மாதத்தில் கொள்ளிடம் பெரும்பாலும் மணல்தான். நடுவில் ஒன்றிரண்டு ஓடைகள் வெள்ளிச் சரிகைபோல ஓடிக்கொண்டிருந்தன. தம்பிக்கு ஆசை தாங்கவில்லை. "கூடாரத்தை இந்த மணலிலேயே போட்டுவிடலாம், அண்ணா. பஞ்சு மெத்தை மாதிரி இருக்கிறது" என்றான். குழந்தைகள் ஓடத் தயாராயிருந்தார்கள்.

அப்பா தலையை அசைத்தார். "மெத்தைதான். ஆனால் அது ஆற்றினுடைய படுக்கை. அவள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து நாம் அதில் படுக்கக்கூடாது. திரும்பி வரும்போது நம்மை எழுப்பிவிட்டு வரமாட்டாள்."

இதை வாசகர்கள் கிழவரின் வேடிக்கைப் பேச்சாக எண்ணிவிடக்கூடாது. காவிரி வெள்ளத்துக்குக் கொள்ளிடம்தான் வடிகால். எங்கோ குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழைக்கு, இங்கே நிலாக் காயும் இரவில் முக்கொம்பில் கதவைத் திறக்கவேண்டி வரும். 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அப்படிப்பட்ட வெள்ளம் வந்தது. திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ந் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது கதவுகள் உடைந்து போயின. 180 வருஷம் நின்ற அணை அது. ஆற்றில் அளவில்லாமல் மணலை அள்ளியதே காரணம் என்று பலரும் குற்றம் சாட்டினார்கள். அணையையே அசைத்த ஆற்றுக்கு நைலான் கூடாரம் எம்மாத்திரம்? ஆகையால் குடும்பத்தோடு ஆற்றோரம் தங்குகிறவர்கள், மணல் எவ்வளவு அழகாயிருந்தாலும், கரைக்கு மேலே மேட்டில்தான் படுக்கவேண்டும். குளிப்பதற்கும் உள்ளூர்க்காரர் காட்டும் துறையைத் தவிர வேறிடத்தில் இறங்கக்கூடாது. மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தோட்டத்து மேட்டில் கூடாரம் எழுந்தது. குழந்தைகளும் பெண்டுகள் இருவரும் உள்ளே. மற்றவர்கள் வெளியே தார்ப்பாயின்மேல். கொசு, தன் பங்குக்கு, உள்ளே வெளியே என்ற பேதம் பாராட்டவில்லை.

எட்டு மணிக்கெல்லாம் கூடாரத்துக்குள்ளிருந்து, "கதை சொல்லுங்கள்" என்று குரல் வந்தது. இதே தீவில் இதற்கு முன்னால் கூடாரம் அடித்தவர்களின் கதையைச் சொன்னேன். 1752-ம் வருஷம். கர்நாடக நவாபுப் பதவிக்காக சந்தா சாகிபும் முகம்மதலியும் சண்டையிட்ட காலம். ஒருவனுக்குப் பிரெஞ்சுக்காரன் துணை. மற்றவனுக்கு இங்கிலீஷ்காரன் துணை. திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்ட சந்தா சாகிபும், லா என்ற பிரெஞ்சுத் தளபதியும், எதிரி நெருங்கவே ஆற்றைக் கடந்து இந்தத் தீவில் வந்து புகுந்தார்கள். இரண்டு பக்கமும் ஆறு, நடுவில் பெரிய பெரிய கோயில் மதில்கள். இதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று எண்ணினார்கள். ஆனால் லாரன்ஸும் கிளைவும் தெற்கிலும் வடக்கிலும் வழியை அடைத்தார்கள். தானியம் வரும் பாதை அடைபட்டதும் தீவே சிறையாகிவிட்டது. ஜூன் மாதத்தில் லா சரணடைந்தான். சந்தா சாகிப் கொல்லப்பட்டான். இந்தியாவில் பிரெஞ்சுச் சாம்ராஜ்யம் காண நினைத்த டூப்ளேயின் கனவு அதிலிருந்து இறங்குமுகம்தான். 1754-ல் அவனையே தாய்நாட்டுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

"சண்டை போட்டவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள்; இந்த ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டாள் என் பெண். சரித்திரப் புத்தகங்கள் அதிகம் சொல்லாத விஷயம் அது. "நடவு நட்டிருப்பார்கள்" என்று இருட்டிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "தண்ணீர் வந்தால் நடவு நடத்தானே வேண்டும்?"

நடுநிசியில் விழித்துக்கொண்டேன். கொள்ளிடம் ரயில் பாலத்தில் ஒரு ரயில் போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அது ஓய்ந்ததும் தவளைச் சத்தம். வாழை இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து மேற்குத் திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கம் வரவில்லையா?" என்றேன். "நாளைக்குப் பார்க்கப் போகிறோமல்லவா?" என்றார். எழுபத்துநாலு வயதுக் குழந்தை!

விடிந்ததும் மேற்கே புறப்பட்டோம். வழியில், தீவின் காட்டுப் பகுதியில், 2015-ல் வனத்துறையார் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. குழந்தைகள் திரும்பிவரும்போது பார்ப்பதாக ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். முக்கொம்பில் முந்தின நாள் காணும் பொங்கல் கூட்டம் தின்றுபோட்ட இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அகண்ட காவிரி அங்கே பெரிய ஏரிபோல வந்து நிற்கிறது. வலது கையில் தெற்கே காவிரி. இடது கையில் வடக்கே கொள்ளிடம். அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்.

இங்கேதான் டெல்டாவின் தலையெழுத்து இருக்கிறது. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிச் சற்றே சாய்த்துப் பாருங்கள். தாழ்ந்த பக்கமாகத்தான் அது ஓடும். கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்ந்தது. கடலுக்கு அதற்குக் கிட்டிய வழி. விட்டுவிட்டால் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். காவிரி மணல்மேடிட்டுத் தூர்ந்துவிடும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படியே நடக்கத் தொடங்கிற்று. தஞ்சை வயல்கள் காய்ந்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் கொள்ளிடத்தின் தலையில் மேலணையைக் கட்டத் தொடங்கி, காவிரிக்கு உரிய தண்ணீரை அதற்கு மீட்டுக் கொடுத்தார்.

மத்தியானம் கல்லணையில் நின்றபோது இந்தக் கதையின் மறுபாதி விளங்கிற்று. பிரிந்த காவிரி, தீவைச் சுற்றி வந்து, கிழக்குக் கோடியில் மறுபடியும் கொள்ளிடத்தை நெருங்குகிறது. அங்கேயும் அதில் விழுந்துவிடப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்தியதுதான் கல்லணை. ஏறக்குறைய 1080 அடி நீளத்துக்கு, வளைந்து வளைந்து, ஆற்று மணலில் கல்லைப் போட்டு எழுப்பிய அணை. கரிகாலன் கட்டியது என்பது நம் மரபு. ஆழம் தெரியாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதைத் தாங்கள் இந்த அணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாகக் காட்டனே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாடத்தைக் கொண்டுதான் பின்னால் அவர் கோதாவரியில் தௌலேசுவரம் அணையைக் கட்டினார். மேல்நாட்டாரிடம் நாம் கற்றது எவ்வளவோ உண்டு. அவர்கள் நம் முன்னோரிடம் கற்ற பாடம் ஒன்று பாபநாசத்திலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் கிடக்கிறது. நம் குழந்தைகளுக்கு அதைக் காட்டவேண்டாமா?

தலையில் ஓர் அணை, காலில் ஓர் அணை, நடுவில் அரங்கம். ஆக, இந்தத் தீவு வெறுமனே ஆறு போட்ட மண் அன்று. மனிதன் இரண்டு கோடியிலும் காவல் இருப்பதால்தான் இதன் தெற்கே ஓடும் ஆறு உயிரோடு இருக்கிறது. அந்தக் காவல் தளர்ந்தால், அரங்கத்துக்கு ஒரு பக்கத்து ஆறுதான் குறையும். ஆனால் எங்களுக்கோ சாப்பாடே போய்விடும். 2018-ல் கதவுகள் உடைந்தபோது எங்கள் ஊரில் பலர் அதைத் திருச்சிச் சமாசாரமாகவே பத்திரிகையில் படித்தார்கள். அது திருச்சிச் சமாசாரம் அன்று. எங்கள் அடுப்படிச் சமாசாரம். ஆற்றில் அள்ளும் ஒவ்வொரு வண்டி மணலும் அப்படித்தான்.

கல்லணையிலிருந்து காவிரியோடு கூடவே கிழக்கே வந்தோம். திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. "இனிமேல் இது நம்ம ஆறு" என்றார் அப்பா. என் பெண் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தாள்: முக்கொம்பில் ஒரு பங்கு; கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று மறுபடி பங்கு; திருக்காட்டுப்பள்ளியில் இன்னொரு பங்கு. இத்தனை பங்குக்குப் பிறகும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்கிறதே என்பதுதான் அவளுக்குக் கிடைத்த விடை.

இந்தப் பிரயாணத்துக்குப் பெரிய செலவு கிடையாது. இரண்டு தூக்குச் சாதமும், ஒரு ஜமக்காளமும், மேட்டில் படுக்கும் புத்தியும் போதும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ந் தேதி மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் போனால் காவிரியில் தண்ணீரைப் பார்க்கலாம், கொள்ளிடத்தில் மணலையும் பார்க்கலாம். நீங்கள் தின்ற இலையை நீங்களே எடுத்துவர மட்டும் மறக்கவேண்டாம்.

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலுக்குள் ஒரு பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறது. தஞ்சை நாயக்கர் காலத்தில் செங்கல்லால் வட்டமாகக் கட்டியது. 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அதைக் காட்டி எங்கள் ஊரார் பெருமைப்படுவது வழக்கம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் களஞ்சியத்தின் திறவுகோல் எங்கள் ஊரில் இல்லை. மேற்கே, ஒரு தீவின் இரண்டு கோடிகளிலும் இருக்கிறது. களஞ்சியத்தைப் பார்த்த ஒவ்வொரு குழந்தையும் ஒரு தடவையாவது அந்தத் தீவில் ஓர் இரவு தூங்கி எழுந்திருக்கவேண்டும்.